கார் சாவியைத் திருப்பி வாங்கிவிட்டேன்

சரவணா,

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ போட்ட செய்தியை நானும் படித்தேன். "அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. இனிமேல் அவர் கார் ஓட்ட மாட்டார். எங்காவது கூட்டிப் போகச் சொல்லி யாரும் அவரைக் கேட்க வேண்டாம்." அதற்குக் கீழே உன் சித்தப்பா பையன்கள் வரிசையாகக் கும்பிடு போட்டிருந்தார்கள். உன் அத்தை அழுகிற பொம்மை போட்டிருந்தாள். செத்த வீட்டுச் செய்திக்குத்தான் அப்படியெல்லாம் போடுவார்கள். நான் உயிரோடுதான் இருக்கிறேன், அந்தக் குழுவிலும் இருக்கிறேன். ஊரறியச் சொன்னதற்கு ஊரறியத்தான் பதில் சொல்ல வேண்டும், அதனால் இந்தக் கடிதத்தையும் அதே இடத்தில் போடப்போகிறேன். உனக்குத் தனியாக அனுப்பினால் "சரிம்மா" என்று ஒரு வார்த்தை போட்டு முடித்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா? உன் கல்யாணத்துக்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டியதும் இதற்குள்தான் இருக்கிறது. நீளமாகத்தான் போகும், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

பத்திரிகை வைக்க ஊத்துக்கோட்டைக்குப் போனோமே, அந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்த அலுப்பில் நீ பின்சீட்டில் பத்திரிகைக் கட்டோடு சாய்ந்திருந்தாய். அப்பா வழக்கம்போல என் இடப்பக்கம். கடைத்தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே வந்து நின்றது, நான் பிரேக்கை மிதித்தேன். நீ துள்ளி எழுந்து, "எம்மா, இன்னா வண்டி இப்டி கத்துது?" என்றாய். "இன்னாடா கத்துது?" என்றேன் நான். "இது கேக்கலியா உனுக்கு? கீச்சுனு ஊரே திரும்பிப் பாக்குதும்மா!" நீ விளையாடுகிறாய் என்றுதான் நினைத்தேன். நாலடி நகர்த்தி, வேண்டுமென்றே மறுபடி மிதித்தேன். கீரை விற்றுக்கொண்டிருந்த பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு கையால் காதைப் பொத்தினாள். எனக்கு எஞ்சின் உறுமல் கேட்டது, எங்கோ ஒரு ஹாரன் கேட்டது, அவ்வளவுதான். ஒரு ஊருக்கே கேட்கிற சத்தம், அதை எழுப்புகிற எனக்குக் கேட்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது, பயந்துதான் போனேன்.

ஆனால் திரும்பி வரும்போது நடந்ததை நீ குழுவில் எழுதவில்லை. பெரியபாளையம் தாண்டியதும் அந்தச் சத்தம் மாறிவிட்டது, இப்போது கரகரவென்று அரைக்கிறது என்று நீ சொன்னாய். நீ சொல்வதற்கு முன்பே அது எனக்குத் தெரியும். சோற்றில் கல் கடிபட்டால் பல் கூசுமே, அப்படி என் பாதம் கூசியது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை பெடலில் வைத்துப் பார்த்தேன். ஸ்டியரிங்கிலும் அந்த அதிர்வு ஏறியது, ஆகவே முன்சக்கரம். மிதிக்கும்போதெல்லாம் வண்டி லேசாக வலப்பக்கம் இழுத்தது, ஆகவே இடது சக்கரம் சரியாகப் பிடிக்கவில்லை. "முன்னாடி, லெஃப்டு பக்கம். பிரேக் பேடு தீந்துபோயி இரும்பும் இரும்பும் ஒரசுது" என்றேன். நீ சிரித்தாய். "காதே கேக்கல, இதுல டாக்டரு மாதிரி சொல்றியே" என்றாய். நான் வேகத்தைக் குறைத்து, முன்னால் போன லாரிக்கு நிறைய இடம் விட்டு, கவரைப்பேட்டை வரை உருட்டிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் நீ சாவியைக் கேட்டாய், கொடுத்தேன். அந்த நிலையில் அந்த வண்டி ஓடக் கூடாது என்பதால் கொடுத்தேன். ரிப்பேருக்குத்தான் கொடுத்தேன்.

அந்தக் கார் உனக்குப் பழைய வண்டி. வாசலில் நின்றால் இடத்தை அடைக்கிறது என்று நீ சொல்வாய். உன் அப்பா கம்பெனி பஸ் ஓட்டியவர். சிப்காட் ஆட்களை ஷிஃப்டுக்கு ஷிஃப்டு ஏற்றி இறக்கிய மனிதருக்குக் கண்ணில் அழுத்தம் வந்து ஓரப் பார்வை போன பிறகு, பஸ் சாவியோடு அவருடைய பேச்சும் போய்விட்டது. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஐம்பதைத் தாண்டிய பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டது அவரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனித் தெருக்கள் காலியாகக் கிடக்கும். அங்கே அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து கத்திய கத்தலில் காவலாளிகள் கேட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் போகாத இடமில்லை. பழவேற்காட்டுக்கு இறால் வாங்க, அமாவாசைக்குத் திருவள்ளூர் கோயிலுக்கு, அவருடைய கண் ஆஸ்பத்திரிக்கு, சும்மா ஏரிக்கரையில் காற்று வாங்க. என் அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவள். நிலத்துக்காரர் வண்டி வந்தால் வரப்பை விட்டு இறங்கிச் சேற்றில் நின்றவள். நான் என் வண்டிக்கு என் சாவியைப் போட்டுத் திருகும் ஒவ்வொரு முறையும் எனக்கு அது ஞாபகம் வரும், இப்போதும் வருகிறது.

வண்டியைப் பாயின் மெக்கானிக் ஷெட்டில் விட்டுவிட்டு நீ ஓசூருக்குத் திரும்பிய பிறகு, வண்டி எப்போது தயாராகும் என்று ஷெட்டுக்குப் போன் போட்டேன். போனில் எனக்குப் பாதிதான் புரியும் என்பது பாய்க்கும் தெரியும், ஏதோ சொல்லி மழுப்பினார். மறுபடி போட்டேன், மறுபடி மழுப்பினார். அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து நேரிலேயே போய்விட்டேன். பாய் தலையைச் சொறிந்துகொண்டே வெளியே வந்தார். "யக்கா, தப்பா நெனைக்காத. தம்பி போன் பண்ணிச்சி. வண்டிய அம்மா கைல குடுக்காத பாய், நல்ல பார்ட்டி வந்தா வித்து தள்ளிவுட்டுருன்னுச்சி. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எனுக்கு பேஜாரா கீது" என்றார். எனக்குக் காது மந்தம்தான், ஆனால் வாயைப் பார்த்தால் ஒரு எழுத்து விடாமல் புரியும். "வண்டி யார் பேர்ல கீது பாய்?" என்று கேட்டேன். "உம் பேர்லதான் யக்கா." "அப்ப ஜாக்கிய எடு, சக்கரத்த கழட்டு" என்று சொல்லிவிட்டு அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தேன். கழற்றாமல் நான் எழுந்திருக்க மாட்டேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நீ பணம் கொடுக்கிற மகன், நான் வயதான பொம்பளை, அதற்காக உன் பேச்சுதான் செல்லும் என்று நினைத்தாயா?

சக்கரம் வந்தது. முன்பக்கம், இடது. சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைப் பார்த்தாயானால் நீயே பயந்திருப்பாய், அம்மிக்கல்லைக் கொத்தி வைத்தது மாதிரி கோடு கோடாக இருந்தது. அதை இரண்டு பக்கமும் நின்று பிடிக்கும் இரண்டில், வெளிப்பக்கப் பேடில் இன்னும் கொஞ்சம் சதை இருந்தது. உள்பக்கப் பேடு சுத்தமாகத் தீர்ந்து, வெறும் இரும்புத் தகடு டிஸ்க்கை அறுத்துக்கொண்டிருந்தது. ஒன்று தேய்ந்து ஒன்று ஏன் தேயவில்லை என்று கேட்டேன். "அது அப்டித்தான் யக்கா, சில வண்டி அப்டி வரும்" என்றார் பாய். அப்படியெல்லாம் எதுவும் சும்மா வராது. பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரைப் பிடித்து நானே ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. அது இரண்டு பின்களின் மேல் முன்னும் பின்னும் நகர வேண்டும், அப்போதுதான் இரண்டு பேடும் ஒன்றாகப் பிடிக்கும். பின்னைத் தட்டி எடுத்தால் துரு, பழவேற்காட்டு உப்புக் காற்றின் துரு. பின் இறுகிப்போனதால் உள்பேடு மட்டும் டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொண்டு தேய்ந்திருக்கிறது. அதைப் பார்க்காமல் புதுப் பேடு போட்டிருந்தால் அதுவும் இதே கதியாகத்தான் போயிருக்கும்.

பழைய பேடைத் துடைத்துப் பார்க்கும்போதுதான் என் கை நின்றுவிட்டது. அதன் ஓரத்தில் நாக்கு மாதிரி ஒரு சின்னத் தகடு, நுனி மட்டும் மடங்கியிருந்தது. அந்த நாக்கை எனக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் நான் வேலைக்கு நின்ற அத்தனை வருஷமும் எங்கள் மிஷினில் விழுந்தது அந்த வடிவம்தான். காலால் மிதித்தால் மேலிருந்து டை என்கிற அச்சு இறங்கும், தகடு வெட்டுப்பட்டு மடங்கித் தொட்டியில் விழும். ஷிஃப்டு முடிகிறவரை அதுதான். அது எதற்கு என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை, அலமாரித் தாழ்ப்பாளுக்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் துண்டு எங்கள் ஷாப்பில் அடித்ததா, வேறெங்கோ அடித்ததா, தெரியாது. "இது எதுக்கு பாய்?" என்று கேட்டேன். "அது கத்தறதுக்கு யக்கா. பேடு தேஞ்சா இது டிஸ்க்ல பட்டு கீச்சுனு கத்தும். ஓட்றவங்களுக்குத் தெரியணும்ல." முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுதேன். பாய் டீ சொல்கிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

என் காது எப்படிப் போனது என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கம்பெனியைச் சோதிக்க ஆடிட் வருகிற நாளில் எல்லாருக்கும் காதடைப்பான் கொடுப்பார்கள். வந்தவர்களின் கார் கேட்டைத் தாண்டியதும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். மற்ற நாட்களில் நாங்கள் முந்தானையைக் கிழித்துப் பஞ்சு மாதிரி உருட்டிக் காதில் வைத்துக்கொள்வோம். அந்தச் சத்தத்தில் பேச முடியாது, ஆகவே பெண்கள் எல்லாரும் வாயசைவிலும் கையசைவிலும் பேசிக்கொண்டோம். வம்பு, வீட்டுக்காரன் கதை, சூப்பர்வைசரைக் கிண்டல் அடிப்பது, எல்லாம் அப்படித்தான். நீ சின்னவனாக இருக்கும்போது "ஏம்மா என் வாயையே பாக்குற?" என்று கேட்பாயே, அது அங்கே பழகியது. அங்கே பழகியது இன்னொன்றும் உண்டு. டை கொஞ்சம் நகர்ந்தால் முதலில் தெரிவது மிதியில் இருக்கும் காலுக்குத்தான். காதை நம்பிய இரண்டு பேருக்கு விரல் போனது. என் பத்து விரலும் இருக்கின்றன. ஆகவே என் காலுக்கு என்ன தெரியும் என்று உனக்குச் சிரிப்பு வந்தால், இந்த விரல்களைப் பார்த்துவிட்டுச் சிரி.

உன் அப்பாவின் கதைக்கு வருகிறேன், உன் மேல் வந்த கோபத்தை விடப் பெரிய கோபம் அங்கேதான் வந்தது. அவர் ஷெட்டு வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. இந்த மனிதருக்குக் கண்தான் மங்கல், காது பாம்புக் காது. "யோவ், இங்க பாரு. இது எப்பலேர்ந்து கத்துது?" என்றேன். எதிரே போய் நின்றேன். "பொங்கலுக்கு முன்னாடியே கத்த ஆரம்பிச்சிச்சி" என்றார். அதாவது அத்தனை பயணமும், கோயிலும் கடலும் ஆஸ்பத்திரியும், என் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். "ஏன் சொல்லல?" "சொன்னா காது போயிடுச்சின்னு உனுக்கே தெரிஞ்சிடும்மே. அப்பறம் நீ வண்டிய தொட மாட்ட. ஜாலியா ஓட்டிக்கினு வர்ற, அத எப்டி கெடுக்கறதுன்னு…" நான் அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது, குழுவில் உன் மாமனார் வீட்டாரும் இருக்கிறார்கள். கொலைகாரா என்று மட்டும் இருபது தடவையாவது சொல்லியிருப்பேன். அந்தப் பேடு ஊத்துக்கோட்டைக் கடைத்தெருவில் கைவிட்டிருந்தால் அந்தக் கீரைக்காரி என்ன ஆகியிருப்பாள்? அவர் தலையைக் குனிந்துகொண்டே, "பாசத்துல பண்ணிட்டேன்" என்றார். பாசமாம்!

சரவணா, உன் அப்பாவும் நீயும் செய்தது எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. அவர் என் மனசு நோகும் என்று சத்தத்தை மறைத்தார். நீயோ, அம்மா வண்டி ஓட்டினால் ஆபத்து என்று ஊருக்கெல்லாம் சொன்னாய், பாயிடம் சொன்னாய், அத்தையிடம் சொன்னாய், என்னிடம் மட்டும் சொல்லவில்லை. இரண்டு பேரும் என் மேல் உயிரையே வைத்திருக்கிறீர்கள், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு பேருமே என்னைத் தாங்கிக்கொள்ள முடியாதவளாக நினைத்துவிட்டீர்கள். பவர் பிரஸ்ஸின் முன்னால் நின்று உன்னைப் படிக்க வைத்தவளுக்கு, "உன் காது போய்விட்டது" என்ற மூன்று வார்த்தையைத் தாங்க முடியாதா? திவ்யா உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். அவளிடம் இப்படிச் செய்துவிடாதே. அவள் சமையல் தீய்ந்தால் சொல், அவளுடைய தப்பைச் சொல், உன் வேலை போனால் அன்றைக்கே சொல், உடம்பில் கட்டி தட்டுப்பட்டால் அந்த நிமிஷமே சொல். அவள் அழுவாள், கத்துவாள், தட்டைக்கூட வீசலாம். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இரு. அவளுக்காக நீயே முடிவெடுத்து அவளுக்குத் தெரியாமல் நடத்திக் கொடுக்கிற நல்லவனாக மட்டும் இருக்காதே. அந்த நல்லவனோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று நான் இப்போதுதான் கண்டுபிடித்தேன்.

வண்டி விஷயத்தை முடித்துவிடுகிறேன். இரண்டு பக்கமும் புது டிஸ்க், புதுப் பேடு. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும் என்பதால் இரண்டும். பின்களைத் தேய்த்துச் சுத்தம் செய்து, அதற்கென்று இருக்கும் கிரீஸைப் பூசியது நான். வெளியே தள்ளிக்கொண்டு நின்ற பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து மெதுவாக உள்ளே அழுத்தியதும் நான். பாய் பக்கத்தில் நின்று போல்ட்டுகளை முறுக்கிச் சரிபார்த்தார், எனக்கு அந்த அளவு கைப்பலம் இப்போது இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். நகர்த்துவதற்கு முன்னால் பெடலை நன்றாக மிதித்து மிதித்துக் கெட்டியாக்கினேன். அதைச் செய்யாமல் கிளம்பினால் முதல் மிதி வெறுங்காற்றில்தான் விழும், வண்டி நிற்காது. மறுநாள் விடிந்ததும் சோழவரம் ஏரிப்பக்கம் ஆளில்லாத ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்து, மெல்லக் குறைத்து, மறுபடி எடுத்து, புதுப் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகும் வரை ஓட்டினேன். ஒரு காலத்தில் ரேஸ் கார்கள் பறந்த ஊரில் நானும் என் பங்குக்கு ஓட்டினேன் என்று வைத்துக்கொள். என் பாதத்துக்குக் கீழே பிரேக் வெண்ணெய் மாதிரி பிடித்தது.

உன் அப்பாவுக்கு இப்போது ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். காதில் விழுகிற எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், மறைத்தால் அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிடுவேன். மனிதர் பழிவாங்குகிறார். "பின்னாடி டிபன் பாக்ஸு உருளுது. சன்னல் கடகடன்னுது. அங்க ஒரு ஆடு கத்துது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே வருகிறார். பொறுத்துக்கொள்கிறேன். அமாவாசைதோறும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறோம் இல்லையா, அன்றைக்கே டார்ச் அடித்து வெளிப்பேடின் கனத்தையும் பார்ப்பேன். உள்பேடு வெளியிலிருந்து தெரியாது, அதற்காக அவ்வப்போது பாயிடம் போய்ச் சக்கரத்தைக் கழற்றுவேன். காதுக்கும் டாக்டரைப் பார்த்தாயிற்று. மெல்லிய, உயரமான சத்தங்கள் போய்விட்டன, மற்றது இருக்கிறது என்றார். காது மிஷின் மாட்டிக்கொண்டிருக்கிறேன், ஃபேன் சத்தம் புயல் மாதிரி கேட்கிறது, பழகிக்கொள்கிறேன். காதே கேட்காதவர்கள்கூட லைசென்ஸ் வாங்கி ஓட்டுகிற நாடு இது, உனக்குச் சந்தேகமிருந்தால் விசாரித்துக்கொள். என் காலுக்கு என்றைக்கு அந்த அதிர்வு தெரியாமல் போகிறதோ அன்றைக்கு நானே வண்டியை ஓரம் கட்டுவேன். அதை நான் முடிவு செய்வேன். நீ முடிவு செய்ய மாட்டாய், உன் அத்தையின் அழுகிற பொம்மையும் முடிவு செய்யாது.

கல்யாணத்துக்கு எங்களைத் திருவள்ளூர் மண்டபத்துக்குக் கூட்டிவர நீ வேன் பேசியிருப்பதாக அப்பா சொன்னார். அந்த வேனை உன் அத்தை வீட்டுக்கு அனுப்பு. மாப்பிள்ளையின் அம்மா தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டுதான் வருவாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வெறுங்காலை பெடலில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உன் அப்பா ஊரிலுள்ள சத்தத்தையெல்லாம் ஒப்பித்துக்கொண்டு வர, நேராக மண்டப வாசலில் வந்து நிறுத்துவேன். நாங்கள் வரும் சத்தம் உனக்குக் கேட்கும். அதில் ஏதாவது கோளாறு இருந்தால், மாலையும் கழுத்துமாக இருந்தாலும் எழுந்து வெளியே வா. எனக்கு எதிரே நின்று, என் முகத்தைப் பார்த்து, என்னிடம் சொல்.

உன் அம்மா